ஜேக்கப்ஸ் பில்லோ

ஜேக்கப்ஸ் பில்லோ என்பது ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெர்க்சயர் மலைப்பகுதியிலுள்ள பெக்கெட் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள ஒரு நடன மையம் ஆகும். நடன விழா, நடனப் பள்ளி, ஆவணக் காப்பகம் ஆகிய மூன்றும் இங்கு ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான ஒரு வேளாண் பண்ணையை நடனக் கலைஞர் டெட் ஷான் 1931ஆம் ஆண்டில் வாங்கினார். அப்பண்ணையின் பழைய கொட்டகை நடனப் பயிற்சிக்கூடமாக மாற்றப்பட்டதிலிருந்து இம்மையத்தின் வரலாறு தொடங்குகிறது. 1942ஆம் ஆண்டில் இங்கு கட்டப்பட்ட டெட் ஷான் அரங்கு, நடனத்துக்கென்றே ஐக்கிய அமெரிக்காவில் கட்டப்பட்ட முதல் அரங்காகக் கருதப்படுகிறது. 2003ஆம் ஆண்டில் இவ்வளாகம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பழைய பண்ணைக் கட்டிடங்களை இடிக்காமல் கலைக் கல்விக்குப் பயன்படுத்தி, தேவை பெருகியபோது அவற்றின் அருகே புதிய கட்டிடங்களை எழுப்பி விரிவாக்கிய முயற்சிகளுக்கு இவ்விடம் முக்கியமான எடுத்துக்காட்டு ஆகும்.

பெயர்

விவிலியத்தின் ஆதியாகமம் 28ஆம் அதிகாரத்தில், பயணத்தின் நடுவே இரவு தங்கிய யாக்கோபு ஒரு கல்லைத் தலையணையாக வைத்து உறங்கியதாகவும், வானை எட்டும் ஏணியைக் கனவில் கண்டதாகவும் கூறப்படுகிறது. பெர்க்சயர் மலையில் ஏறிச் செல்லும் வளைவு நெளிவான சாலையை அப்பகுதி மக்கள் யாக்கோபின் ஏணி என்று அழைத்தனர். பண்ணை வீட்டின் பின்புறம் தலையணை வடிவில் ஒரு பெரும் பாறை கிடந்தது. சாலைக்கு ஏணி என்று பெயரானபின் பாறைக்குத் தலையணை என்ற பெயர் இயல்பாகவே அமைந்தது. அதுவே பண்ணைக்கும், பின்னர் நடன மையத்துக்கும் பெயராயிற்று. ஜேக்கப்ஸ் பில்லோ என்பதற்கு யாக்கோபின் தலையணை என்பது பொருள்.

பண்ணையின் முன்வரலாறு

இப்பகுதி மோகிகன் பழங்குடியினரின் வாழ்நிலங்களுள் ஒன்றாக இருந்தது. 1790ஆம் ஆண்டில் கார்ட்டர் என்னும் குடும்பத்தினர் இம்மலைமுகட்டில் குடியேறிப் பண்ணை அமைத்தனர். 19ஆம் நூற்றாண்டில், தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வடக்கு நோக்கிச் சென்ற அடிமைகளுக்கு மறைவிடமும் வழித்துணையும் அளித்த வலையமைப்பில் இப்பண்ணையும் ஒரு தங்கிடமாக விளங்கியது. நிலத்தடி இருப்புப்பாதை என்று அழைக்கப்பட்ட அவ்வலையமைப்பு உண்மையான தொடருந்துப் பாதை அன்று. தனி மனிதர்களின் வீடுகளும் கொட்டகைகளுமே அதன் நிலையங்கள்.

பண்ணைக் கொட்டகையின் அமைப்பு

பழைய கொட்டகை ஒன்று ஏன் நடனத்துக்குப் பொருந்தியது என்பதை அறிய, நியூ இங்கிலாந்துப் பகுதியின் கொட்டகைகள் கட்டப்பட்ட முறையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். இவை தானியம் சேமிக்கும் களஞ்சியங்கள் மட்டும் அல்ல. நம் ஊர்களில் களம், வைக்கோற்போர், மாட்டுத் தொழுவம் என்று தனித்தனியே அமையும் மூன்றும் அங்கு ஒரே கூரையின் கீழ் அமைந்தன. குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் நிலத்தில் இதுவே வசதியானது.

இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகள் பரவலாகக் கட்டிய வகையில் கொட்டகை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. நடுப்பகுதி கதிரடிக்கும் தளம். அதன் ஒரு புறம் மாடுகளும் மறு புறம் வைக்கோலும் இருக்கும். வண்டி உள்ளே நுழைவதற்காக நடுப்பகுதியில் அகலமான கதவுகள் வைக்கப்பட்டன. கோடரியால் செதுக்கிய பெரிய தூண்களும் உத்தரங்களும் கட்டிடத்தின் எலும்புக்கூடாக அமைந்தன. ஒரு மரத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, மற்றொரு மரத்தில் வெட்டிய துளைக்குள் செருகி, குறுக்கே மர முளை அடித்து அவை இணைக்கப்பட்டன. சுவர்ப்பலகைகள் வெறும் உறை மட்டுமே. கூரையின் சுமையைத் தூண்களும் உத்தரங்களுமே தாங்கின.

இவ்வமைப்பினால் நடனத்துக்கு மூன்று நன்மைகள் கிடைத்தன. முதலாவது, நடுவில் தூண் இல்லாத அகன்ற வெளி. இரண்டாவது, கலைஞர் ஒருவரை மற்றொருவர் தூக்கவும் உயரத் தாவவும் இடையூறில்லாத உயரம். மூன்றாவது, மரத்தளம். கருங்கல் அல்லது சிமெண்டுத் தளத்தில் மீண்டும் மீண்டும் குதிப்பது மூட்டுகளையும் கீழ்க்கால் எலும்புகளையும் பாதிக்கும். சற்றே வளைந்து மீளும் மரத்தளம் அந்த அதிர்ச்சியின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது.

இவற்றுக்கு இணையான குறைகளும் உண்டு. மண்ணை ஒட்டிக் கிடக்கும் அடிக்கட்டை ஈரத்தால் முதலில் உளுத்துப்போகும். பனியின் சுமை கூரையை அழுத்தும். பலகை இடுக்குகளின் வழியே குளிர் புகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, முழுவதும் உலர்ந்த மரமாகையால் தீ எளிதில் பற்றும். பழைய கொட்டகையைப் பொதுமக்கள் கூடும் இடமாக மாற்றும் எவரும் இந்நான்கையும் எதிர்கொண்டாக வேண்டும்.

டெட் ஷான்

டெட் ஷான் 1891ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில் பிறந்தார். கிறித்தவ மதகுருவாகும் நோக்குடன் கல்லூரியில் பயின்றபோது தொண்டை அடைப்பான் நோய்க்கு ஆளாகி, அதன் விளைவாகச் சிறிது காலம் உடல் இயக்கத்தை இழந்தார். இழந்த வலுவை மீட்பதற்காகத் தொடங்கிய நடனப் பயிற்சியே அவரது வாழ்க்கைத் தொழிலாயிற்று. 1914ஆம் ஆண்டில் நடனக் கலைஞர் ரூத் செயின்ட் டெனிஸை மணந்தார். இருவரும் 1915ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நிறுவிய டெனிஷான் பள்ளியில் மார்த்தா கிரகாம், டோரிஸ் அம்ஃப்ரி, சார்லஸ் வைட்மன் முதலியோர் பயின்றனர். அமெரிக்க நவீன நடனத்தின் முதல் தலைமுறையினர் பலர் இப்பள்ளியிலிருந்து வந்தவர்களே.

டெனிஷான் குழுவினர் 1925, 1926ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தனர். இந்தியாவும் அவற்றுள் ஒன்று. 1926ஆம் ஆண்டில் ஷான் சிவனின் அண்ட நடனம் என்னும் தனி நடனத்தை உருவாக்கி ஆடினார். 1930களின் தொடக்கத்தில் ஷானும் டெனிஸும் பிரிந்து வாழத் தொடங்கினர். டெனிஷான் முடிவுக்கு வந்தது. இக்காலத்தில்தான் ஷான் பெக்கெட் பண்ணையை வாங்கினார்.

கொட்டகை நடனக்கூடமாதல்

1930களின் அமெரிக்காவில் ஆண்கள் நடனத்தைத் தொழிலாகக் கொள்வது கேலிக்குரியதாகக் கருதப்பட்டது. அவ்வெண்ணத்தை மாற்றுவதைத் தம் கடமையாக ஷான் கொண்டார். உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கிய ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு நடனம் கற்பித்தார். அவர்களில் சிலரையும் முன்பே தம்மிடம் பயின்ற பார்ட்டன் முமாவ் போன்றோரையும் சேர்த்து, 1933ஆம் ஆண்டில் ஆண்கள் மட்டுமே கொண்ட ஒரு குழுவை அமைத்தார்.

அக்குழு தங்கிப் பயின்ற இடம் பெக்கெட் பண்ணை. அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலையாட்களை அமர்த்தப் பணம் இல்லை. எனவே நடனக் கலைஞர்களே மரம் வெட்டினர், கல் சுமந்தனர், குடில்களைக் கட்டினர், காய்கறி பயிரிட்டனர். பழைய கொட்டகையைத் துப்புரவு செய்து நடனக்கூடமாக்கிப் பயின்றனர். ஒரு நாளின் ஒரு பகுதி பயிற்சிக்கும் மற்றொரு பகுதி கட்டிட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் ஒதுக்கப்பட்டது.

இவ்வுழைப்பு சிக்கனத்தின் பொருட்டு மட்டும் மேற்கொள்ளப்பட்டதன்று. நடனம் உடலுழைப்புக்கு அயலானதன்று, அதன் தொடர்ச்சியே என்று ஷான் வாதிட்டார். 1934ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய உழைப்பின் சிம்ஃபொனி என்னும் நடனம் வயல், காடு, கடல், எந்திரம் ஆகிய நான்கு களங்களின் உழைப்பு அசைவுகளை அடிப்படையாகக் கொண்டது. பகலில் மரம் வெட்டிய அதே உடல்கள் மேடையில் மரம் வெட்டும் அசைவை ஆடின. பண்ணைக் கொட்டகை அக்குழுவுக்குப் பயிற்சிக்கூடமாக மட்டுமன்றிப் பாடமாகவும் அமைந்தது.

இக்கொட்டகை பின்னர் பக்கலார் நடனக்கூடம் என்று பெயர் பெற்றது. உழவுக்காகக் கட்டப்பட்டுக் கலைக்கு மாறிய இக்கட்டிடம் பல தலைமுறை மாணவர்களின் வகுப்பறையாக விளங்கியுள்ளது.

தேநீர் விளக்க நிகழ்ச்சிகள்

1933ஆம் ஆண்டுக் கோடையில் ஷான் அண்டை ஊர்களின் மக்களைக் கொட்டகைக்கு அழைத்தார். வந்தவர்களுக்கு நடனக் கலைஞர்களே தேநீர் பரிமாறினர். அதன்பின் ஷான் நடனத்தைப் பற்றி உரையாற்ற, குழுவினர் ஆடிக் காட்டினர். அரங்கில் காண்பதற்கு முன்னரே, பயிற்சியில் இருக்கும் நடனத்தைப் பார்வையாளர் அருகிலிருந்து கண்டனர். இந்நிகழ்ச்சிகள் ஒவ்வொரு கோடையிலும் தொடர்ந்தன. ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவின் வேர் இதுவே ஆகும். நிகழ்ச்சிக்கு முன் விளக்கவுரை அளிக்கும் வழக்கம் இவ்விழாவில் பிற்காலத்திலும் தொடர்வது குறிப்பிடத்தக்கது.

ஆண்கள் குழு குளிர்காலத்தில் நாடெங்கும் பயணம் செய்து ஆடியது. 1940ஆம் ஆண்டு மே மாதம் பாஸ்டன் நகரில் தன் இறுதி நிகழ்ச்சியை அளித்துக் கலைந்தது. பின்னர் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியபோது குழுவினர் சிலர் படையில் சேர்ந்தனர்.

விற்பனையின் விளிம்பில்

குழு கலைந்தபின் பண்ணையைப் பேணும் வருவாய் ஷானிடம் இல்லை. 1940ஆம் ஆண்டில் மேரி வாஷிங்டன் பால் என்னும் நடன ஆசிரியர் இடத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பல நாட்டு நடனங்களைக் கொண்ட ஒரு விழாவை நடத்தினார். அவ்விழா நட்டத்தில் முடிந்தது. பண்ணையை விற்றுவிடுவது குறித்து ஷான் எண்ணத் தொடங்கினார்.

1941ஆம் ஆண்டில் பாலே கலைஞர்கள் அலிசியா மார்க்கோவா, ஆன்டன் டோலின் இருவரும் இவ்விடத்தைக் குத்தகைக்கு எடுத்து அனைத்துலக நடன விழா ஒன்றை நடத்தினர். பாலே தியேட்டர் குழுவினர் அக்கோடையில் இங்கு தங்கினர். விழாவுக்குக் கிடைத்த வரவேற்பு உள்ளூர் மக்களைச் செயலுக்குத் தூண்டியது. ஆதரவாளர்கள் ஒன்றுகூடி இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றை நிறுவி, 50,000 டாலர் திரட்டினர். அத்தொகை பண்ணையை ஷானிடமிருந்து வாங்கவும் ஓர் அரங்கைக் கட்டவும் பயன்பட்டது. ஷான் அமைப்பின் இயக்குநராகத் தொடர்ந்தார்.

இம்மாற்றத்தின் விளைவு பெரியது. அதுவரை ஒரு கலைஞரின் தனிச்சொத்தாக இருந்த பண்ணை ஒரு பொது அமைப்பின் உடைமையாயிற்று. நிறுவனர் கடனாளியானாலும் இறந்தாலும் இடம் கைமாறாது என்ற உறுதி இதனால் ஏற்பட்டது.

டெட் ஷான் அரங்கு

அரங்கை வடிவமைத்தவர் ஜோசஃப் ஃபிரான்ஸ் என்னும் பொறியாளர் ஆவார். அண்மையிலுள்ள டேங்கிள்வுட் இசை விழாவின் பெரும் கொட்டகையை 1938ஆம் ஆண்டில் கட்டி முடித்தவரும் இவரே. அரங்கு 1942ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் திறக்கப்பட்டது. பெட்ரோலுக்கும் வாகனச் சக்கரங்களுக்கும் பங்கீடு நடைமுறையில் இருந்த போர்க்காலத்தில், மலைமேலுள்ள ஓர் அரங்கைத் திறப்பது துணிச்சலான செயலே ஆகும்.

புதிய கட்டிடம் என்றபோதிலும் அது பண்ணைக் கொட்டகையின் தோற்றத்திலேயே அமைந்தது. வெளியே மரப்பலகைச் சுவர், சரிந்த கூரை. உள்ளே மறைக்கப்படாத உத்தரங்கள். மேடையின் பின்புறத்தில் அகன்ற கதவுகள் உள்ளன. அவற்றைத் திறந்தால் மரங்கள் அடர்ந்த காடே மேடையின் பின்திரையாகிவிடும். கூரையின் உச்சியிலுள்ள காற்றுத்திசைகாட்டியில், பண்ணைகளில் வழக்கமாகக் காணப்படும் சேவலுக்குப் பதிலாக, பார்ட்டன் முமாவின் நடன நிலை ஒன்று உருவமாக அமைக்கப்பட்டுள்ளது.

தமிழில் கொட்டகை என்னும் சொல் மாட்டுக் கொட்டகையையும் நாடகக் கொட்டகையையும் ஒருங்கே குறிக்கும். இவ்வரங்கின் வடிவத்தில் அவ்விரு பொருளும் ஒன்றாகியுள்ளன எனலாம்.

பள்ளி

கோடைக்கால வகுப்புகள் தொடக்கம் முதலே விழாவுடன் இணைந்திருந்தன. ஷான் தம் பள்ளியை நடனப் பல்கலைக்கழகம் என்று அழைத்தார். மாணவர் எவரும் ஒரே பாணியை மட்டும் கற்றுத் திரும்பக்கூடாது என்பது அவரது கொள்கை. பாலே, நவீன நடனம், பல்வேறு மக்களின் மரபு நடனங்கள் ஆகிய மூன்றும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. மேடை நிகழ்ச்சிகளையும் அவர் இம்மூன்று வகைகளும் ஒரே மாலையில் இடம்பெறுமாறு அமைத்தார். பாலே பார்க்க வந்தவர்கள் தாம் அறியாத நடனம் ஒன்றையும் பார்த்துச் சென்றனர்.

கனடா தேசிய பாலே 1953ஆம் ஆண்டிலும், டென்மார்க் அரச பாலேயின் கலைஞர்கள் 1955ஆம் ஆண்டிலும் இங்கு ஆடினர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆல்வின் எய்லி 1954ஆம் ஆண்டில் லெஸ்டர் ஹார்ட்டன் குழுவுடன் இம்மேடைக்கு வந்தார். ஷான் 1972ஆம் ஆண்டு சனவரியில் காலமானார். அதுவரை அவரே விழாவின் முதன்மை ஆளுமையாக விளங்கினார்.

பாலசரஸ்வதியின் வருகை

தமிழ் வாசகர்களுக்கு இவ்விடத்துடன் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. பரதநாட்டியக் கலைஞர் த. பாலசரஸ்வதி (1918–1984) தம் முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது 1962ஆம் ஆண்டில் ஜேக்கப்ஸ் பில்லோவில் ஆடினார். தஞ்சாவூர் அரண்மனை இசைமரபில் தோன்றிய குடும்பத்தில் பிறந்தவரும் வீணை தனம்மாளின் பேத்தியுமான இவர், இசையும் அபிநயமும் பிரிக்க முடியாதவை என்னும் மரபைக் கடைப்பிடித்தவர்.

இவ்வருகையின் முக்கியத்துவம் ஒரு நிகழ்ச்சியோடு முடிவதன்று. ரூத் செயின்ட் டெனிஸ் 1906ஆம் ஆண்டில் ராதா என்னும் நடனத்தை ஆடிப் புகழடைந்தபோது அவர் இந்தியாவைக் கண்டதில்லை. இந்திய நடனத்தை எந்த ஆசானிடமும் பயின்றதுமில்லை. படங்களிலிருந்தும் நூல்களிலிருந்தும் கற்பனையாலும் உருவான இந்தியா அது. ஷானின் சிவ நடனமும் ஏறத்தாழ அவ்வழியிலேயே வந்தது. பிற பண்பாடுகளின் கலைகளை அவற்றின் சூழலிலிருந்து பிரித்தெடுத்துத் தம் விருப்பம்போல் ஆடியதாக இருவர்மீதும் பிற்கால ஆய்வாளர்கள் குறை கூறியுள்ளனர்.

ஷான் தலைமையேற்ற மேடையில், தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்த மரபிலிருந்து வந்த ஒருவரே வந்து ஆடியது, கற்பனைக்கும் உண்மைக்கும் உள்ள தொலைவைப் பார்வையாளர் தாமே காண வழிசெய்தது. பாலசரஸ்வதி பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலமுறை தங்கிக் கற்பித்தார்.

பிளேக்கின் கொட்டகை

வளாகத்திலுள்ள மற்றொரு வரலாற்றுக் கட்டிடம் பிளேக்கின் கொட்டகை ஆகும். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கொட்டகை இப்பண்ணையில் பிறந்ததன்று. திரைப்பட நடனக் கலைஞர் மார்ஜ் சாம்பியன் (1919–2020) இதனைத் தம் மகன் பிளேக்கின் நினைவாக வழங்கினார். 1937ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்னோ ஒயிட் என்னும் டிஸ்னி அசைவூட்டப் படத்தின் நாயகிக்கு அசைவு மாதிரியாக விளங்கியவர் இவரே.

மரச்சட்டக் கொட்டகைகளை இடம்பெயர்க்க இயலும் என்பது அவற்றின் தனிச்சிறப்பு. ஒவ்வொரு இணைப்புக்கும் எண்ணிட்டு, முளைகளைத் தட்டி அகற்றி, மரங்களைத் தனித்தனியே பிரித்து, வேறிடத்தில் அதே வரிசையில் மீண்டும் பூட்டலாம். ஆணியும் சுண்ணாம்பும் இல்லாமல் இணைத்த பழைய தச்சுமுறையே இதற்குக் காரணம். உளுத்த துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அதே வகை மரத்தைப் பொருத்திச் சீர்செய்யவும் இம்முறை இடமளிக்கிறது.

பிளேக்கின் கொட்டகை காட்சிக்கூடமாகவும் உரையரங்காகவும் ஆவணக் காப்பகமாகவும் பயன்படுத்தப்படுகிறது. ஆண்கள் குழுவின் காலம் தொட்டு எடுக்கப்பட்ட படச்சுருள்கள், ஒளிப்படங்கள், நிகழ்ச்சித் தாள்கள், உடைகள் முதலியன காப்பகத்தின் சேர்க்கையில் உள்ளன. பதிவுகளின் ஒரு பகுதி 2011ஆம் ஆண்டு முதல் இணையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆடி முடிந்தவுடன் மறைந்துவிடும் கலைக்கு இத்தகைய காப்பகம் இன்றியமையாதது. நடனத்துக்கு ஓவியத்தைப் போல் சுவரில் மாட்டும் மூலப்படி இல்லை. பதிவும் பயின்றவரின் உடலுமே அதன் சேமிப்பிடங்கள்.

வரலாற்றுச் சின்னமாதல்

2003ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசு இவ்வளாகத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அந்நாட்டில் ஒரு நடன நிறுவனம் இவ்வறிவிப்பைப் பெற்றது இதுவே முதன்முறை ஆகும். அரண்மனைகளும் போர்க்களங்களும் தலைவர்களின் இல்லங்களும் நிறைந்த பட்டியலில், கொட்டகைகளும் குடில்களும் கொண்ட ஒரு பண்ணை அங்கு ஆடிய நடனத்துக்காக இடம்பெற்றது. 2010ஆம் ஆண்டுக்கான தேசியக் கலைப் பதக்கமும் இம்மையத்துக்கு வழங்கப்பட்டது. அப்பதக்கத்தை 2011ஆம் ஆண்டு மார்ச்சில் அதிபர் பராக் ஒபாமா அளித்தார்.

தீ விபத்து

1990ஆம் ஆண்டில் டோரிஸ் டியூக் அரங்கு என்னும் இரண்டாவது உள்ளரங்கு கட்டப்பட்டது. பெரிய அரங்குக்குப் பொருந்தாத சோதனை முயற்சிகளுக்கும் இளங்கலைஞர்களுக்கும் அது இடமளித்தது. இதுவும் கொட்டகைத் தோற்றம் கொண்ட மரக் கட்டிடமே.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக விழா நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் அதிகாலையில் டோரிஸ் டியூக் அரங்கு தீக்கிரையாகி முற்றிலும் அழிந்தது. உயிரிழப்போ காயமோ ஏற்படவில்லை. தீ பிற கட்டிடங்களுக்குப் பரவவும் இல்லை. எனினும் மரக் கட்டிடங்களையே தன் அடையாளமாகக் கொண்ட ஒரு வளாகம் எத்துணை எளிதில் அழியக்கூடும் என்பதை அவ்விரவு உணர்த்தியது.

மீட்டமைப்பும் விரிவாக்கமும்

21ஆம் நூற்றாண்டில் இம்மையம் எதிர்கொண்ட வினா, பழைய கட்டிடங்களைப் பேணியவாறே இக்காலத் தேவைகளை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதாகும். கோடைக்கென உருவான கட்டிடங்களைக் கொண்டு ஆண்டு முழுவதும் இயங்குதல் கடினம். 1942ஆம் ஆண்டின் மேடையளவும் பின்மேடை வசதியும் இன்றைய பெருங்குழுக்களுக்குப் போதவில்லை. மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துசெல்லும் வழிகளும் அக்காலத்தில் எண்ணிப் பார்க்கப்பட்டவை அல்ல.

இதற்கு மூன்று வகையான விடைகள் காணப்பட்டன.

முதலாவது, பழைய கூடத்தைப் பெரிதாக்காமல் புதிய கூடத்தைத் தனியே கட்டுதல். 2017ஆம் ஆண்டில் பெர்ல்ஸ் குடும்ப நடனக்கூடம் திறக்கப்பட்டது. பள்ளியின் முதன்மை வகுப்பறையாக அமைந்த இக்கூடம் குளிர்காலத்திலும் பயன்படக்கூடியது. இதனால் கலைஞர்கள் ஆண்டின் எப்பருவத்திலும் வளாகத்தில் தங்கிப் புதிய ஆக்கங்களை உருவாக்க முடிந்தது. பழைய கொட்டகைமீது விழுந்த சுமையும் குறைந்தது.

இரண்டாவது, பழைய கட்டிடத்தின் தோற்றத்தைக் காத்து உள்ளமைப்பை மேம்படுத்துதல். டெட் ஷான் அரங்கு 2021ஆம் ஆண்டில் மூடப்பட்டு, அவ்வாண்டு விழா திறந்தவெளியில் நடைபெற்றது. சீரமைப்பில் மேடைப் பகுதி விரிவாக்கப்பட்டது. இசைக்குழுவுக்கான பள்ளம் அமைக்கப்பட்டது. காற்றோட்ட, குளிரூட்டல் வசதிகள் செய்யப்பட்டன. சக்கர நாற்காலியில் வருவோருக்கான வழிகள் மேம்படுத்தப்பட்டன. அதேவேளை பார்வையாளர் பகுதியின் கொட்டகைத் தன்மை காக்கப்பட்டது. அரங்கு 2022ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

மூன்றாவது, அழிந்ததைப் படியெடுக்காமல் புதிதாகக் கட்டுதல். எரிந்துபோன டோரிஸ் டியூக் அரங்கின் இடத்தில், நெதர்லாந்தின் மெக்கானூ நிறுவனமும் நியூயார்க்கின் மார்வெல் நிறுவனமும் வடிவமைத்த புதிய அரங்கு 2025ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 சதுர அடிப் பரப்புள்ள இது பழைய அரங்கைப்போல் இரு மடங்குக்கும் மேலானது. இதுவும் மரக் கட்டமைப்பே ஆகும். எனினும் பழைய கொட்டகைகளின் தனி உத்தரங்களுக்கு மாறாக, மர அடுக்குகளை ஒட்டி உருவாக்கிய பெரும் மரப்பாளங்கள் இதில் பயன்படுத்தப்பட்டுள்ளன. தடித்த மரப்பாளம் தீயில் மேற்புறம் கரியாகி உட்புறத்தைச் சிறிது நேரம் காக்கும் என்பதால், மெல்லிய மரச்சட்டங்களைவிட இது தீயைத் தாங்கும். வடிவமைப்பில் சோக்டா, செரோக்கி மரபுகளைச் சேர்ந்த கலைஞர் ஜெஃப்ரி கிப்சனின் ஆலோசனை பெறப்பட்டது. பண்ணை உருவாவதற்கு முன் இந்நிலத்தில் வாழ்ந்தவர்களை நினைவில் கொள்ளும் முயற்சியாக இது கருதப்படுகிறது.

மதிப்பீடு

பயன்பாடற்ற கொட்டகைகள் பெரும்பாலும் தாமாகவே அழிகின்றன. கூரையில் ஏற்படும் சிறு துளையைக் கவனிக்க ஆளில்லாதபோது, அதன்வழி இறங்கும் நீர் சில ஆண்டுகளில் உத்தரத்தை உளுக்கச் செய்கிறது. ஜேக்கப்ஸ் பில்லோவின் கொட்டகை இருநூற்றாண்டுப் பழமைக்காகப் பூட்டி வைத்துக் காக்கப்பட்டதன்று. அங்கு ஒவ்வொரு கோடையிலும் வகுப்பு நடைபெற வேண்டியிருந்தது. ஆகவே கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1940ஆம் ஆண்டின் நட்டமும் 2020ஆம் ஆண்டின் தீயும் இம்மையத்தை அழிவின் அருகே கொண்டுசென்ற நிகழ்வுகள். முதலாவதில் அண்டை ஊரார் பணம் திரட்டி இடத்தை மீட்டனர். இரண்டாவதில், இழந்த அரங்கைக் காட்டிலும் பெரிய அரங்கு ஐந்து ஆண்டுகளுக்குள் எழுந்தது. வைக்கோலுக்கும் மாடுகளுக்குமாகக் கட்டப்பட்ட பழைய கொட்டகையில் ஷானின் குழு பயிலத் தொடங்கிய பணி, அதைச் சூழ்ந்து எழுந்த புதிய கூடங்களிலும் அரங்குகளிலும் தொடர்ந்து வருகிறது.